தள்ளக் கூடாத வண்டி

இப்போது வரும் சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே ஓடுகிறதாம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடங்களில் என்னிடம் வேலை பார்த்த இரண்டு மெக்கானிக்குகள் போன மாதம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். "எண்ணெய் பட்டா பெல்ட்டு போச்சுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டதில் மெல்லிய குற்றச்சாட்டு இருந்தது. அந்த ரப்பர் வேறு, நாங்கள் கையாண்ட ரப்பர் வேறு என்று விளக்கினேன். பிறகு எண்ணெய் குடித்த ஒரு பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுத எனக்குத் தடை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்றவனை நம்பி யாரும் வண்டியை விட்டுவிட்டுப் போவதில்லை, நேரம் இருக்கிறது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். எழுபதுகளில் படித்து முடித்து, சென்னையில் ஒரு லாரிப் பணிமனையில் பயிற்சி பெற்றேன். பயிற்சி என்பது முதல் வருடம் கழுவுவது, இரண்டாம் வருடம் கழற்றுவது, மூன்றாம் வருடம் மாட்டுவது. அங்கே இருந்த இஞ்சின்களில் எல்லாம் பல்சக்கரமும் செயினும்தான். டைமிங் பெல்ட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஆரணியில், வேலூர் சாலையில் இருந்த ஒரு தனியார் பணிமனையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன்.

ஆரணிக்கு வந்தபின் தெரிந்துகொண்ட முதல் விஷயம், அந்த ஊரில் எல்லோருக்கும் பெல்ட்டைப் பற்றித் தெரியும் என்பது. பட்டு நூல் முறுக்கும் ஷெட்டுகளில் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும், அதிலிருந்து பட்டையான பெல்ட்டுகள் இறங்கி இயந்திரங்களை ஓட்டும். அரிசி மில்களிலும் அப்படியே. பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவார்கள். காய்ந்து போனால் விளக்கெண்ணெய் தடவுவார்கள். கழன்றால் ஓடும்போதே குச்சியால் தள்ளி ஏற்றுவார்கள். அறுந்தால் தைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பெல்ட் அறுந்ததால் ஒரு இயந்திரம் உடைந்தது என்று அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே பெல்ட் என்பது அறுந்த பிறகு கவனிக்க வேண்டிய பொருள். இந்த அறிவு மில்லுக்கு முற்றிலும் சரியானது. கெடுதல் என்னவென்றால், அதை அவர்கள் காருக்கும் கொண்டுவந்தார்கள்.

டைமிங் பெல்ட் செய்யும் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி இறங்குகிறது. வால்வு கீழே இறங்கி ஏறுகிறது. பல இஞ்சின்களில், டீசல் இஞ்சின்களில் அநேகமாக எல்லாவற்றிலும், இரண்டும் ஒரே இடத்துக்கு முறை வைத்துக்கொண்டு வந்து போகின்றன. அந்த முறை தவறாமல் பார்த்துக்கொள்வது பற்கள் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தாலோ, பல் உதிர்ந்தாலோ, வால்வு இறங்கி நிற்கும் இடத்துக்குப் பிஸ்டன் வந்து சேரும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டன் உடையும். அதன் பிறகு தைப்பதற்கு ஒன்றும் இல்லை.

பணிமனையின் மேனேஜர் தாவூத் பாய். ஆற்காட்டுக்காரர். ராணுவப் பணிமனையில் இருந்துவிட்டு வந்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், நாங்கள் அருகே போய்க் குனிந்து நின்று திட்டு வாங்குவோம். என்னை "டிப்ளமோ" என்றுதான் கூப்பிடுவார். எட்டு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன், அதற்குள் என் பெயரை அவர் இரண்டு முறை சொல்லியிருந்தால் அதிகம்.

பெல்ட் வேலைக்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு இது. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவார். அடுத்து வண்டிச் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பட்டனைப் பூட்டுவார். வேலை நடக்கையில் யாரோ ஒரு புத்திசாலி வந்து ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்பான் என்பது அவர் அனுபவம். புது பெல்ட்டை மடிக்கக் கூடாது, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பக் கூடாது, மில்லில் மாட்டுவதுபோல ஆணியில் தொங்கவிடக் கூடாது. கழற்றிய பெல்ட்டை அங்கேயே கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுவார். அந்த ஊரில் முழுசாக இருக்கும் எதையும் யாராவது மறுபடி மாட்டிவிடுவார்கள். பெல்ட்டை மாட்டிச் சக்கரங்களில் உள்ள குறிகளைச் சரிபார்த்த பின், ஸ்பானரைப் போட்டு இஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். "கையால சுத்தினா தப்பு கையில தெரியும். சாவியால சுத்தினா தப்பு காதுல கேக்கும்" என்பார். இதைத்தான் கம்பெனியின் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் புதிய சின்னக் கார்கள் ஊருக்கு வந்தபோது முதன்முறையாக டைமிங் பெல்ட்டுகளைக் கையில் தொட்டேன். ஒரு மில் முதலாளி, பெல்ட் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதற்கு, பானட்டைத் திறந்து விசிறி பெல்ட்டைக் காட்டி, "புதுசாத்தானே கீது?" என்றார். இது வேறு பெல்ட், மூடிக்குள் இருக்கிறது என்றேன். "கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு பில்லு போடற ஆளு நீதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரது கார் எப்படி முடிந்தது என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

ஏழுமலையின் வண்டி அப்படி எளிதில் முடிகிற விஷயமாக இல்லை.

ஏழுமலை வாடகைக் கார் ஓட்டுகிறவர். அதற்கு முன் ஒருவரிடம் லாரி டிரைவராக இருந்தார். அந்த முதலாளியிடம் இனி திரும்பி வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவர். ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, அதில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய டீசல் இஞ்சினைப் பொருத்தியிருந்தார். அந்த நாளில் பலர் இப்படிச் செய்தார்கள். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதற்கு ஊரும் பேரும் இல்லை. உதிரிபாகம் கேட்டால் சென்னைக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அது போனால் வேறு இஞ்சின் வாங்க அவரால் முடியாது. போனால் மறுபடி அதே லாரி முதலாளியின் வாசல்தான்.

முதல் தடவை அவர் வந்தபோது, பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டேன். மீட்டரைக் காட்டினார்.

"அது காரோட மீட்டர். இஞ்சின் ஜப்பான்ல எவ்வளவு ஓடிச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஓடிகினு இருக்கறத எதுக்கு சார் பிரிக்கணும்? நல்லாத்தான் ஓடிகினு கீது."

வரலாறு தெரியாத பெல்ட் இன்றே மாற்ற வேண்டிய பெல்ட் என்பது விதி. சொன்னேன். அவர் மச்சான் கோபால் அரிசி மில்லில் பெல்ட் தைக்கிறவர். அவரும் கூட வந்திருந்தார். "பெல்ட்டுக்கா டாக்டரு? நாங்க இன்னாத்துக்கு கீறோம்?" என்றார். ஏழுமலைக்கு டிப்ளமோவைவிட மனைவியின் தம்பி நெருக்கம்.

புது பெல்ட் வாங்குவதும் சுலபமில்லை. சென்னைக் கடையில் பழசைக் கொண்டு வா என்பார்கள். பழசைக் கழற்றினால் வண்டி நிற்கும். தாவூத் பாய் என்னைக் கூப்பிட்டார். மேல் மூடியைத் திறந்து, பெல்ட்டின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டை ஸ்பானரால் மெல்லச் சுற்றி, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வந்து சேரும்வரை கடந்துபோகும் பற்களை எண்ணச் சொன்னார். எண்ணினேன். திரும்பவும் எண்ணச் சொன்னார். அகலத்தை அளந்தேன். ஏழுமலை வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, அந்த அளவுகளைச் சென்னைக்கு அனுப்பி ஒரு பெல்ட் வரவழைத்தார்.

"அவர்தான் வேணாம்னுட்டாரே பாய்?"

"அவன் வேணாம்னா என் இடுப்புல கட்டிக்கிறேன். நீ போய் வேலையப் பாரு."

பெல்ட் அட்டைப் பெட்டியோடு அவர் மேஜை இழுப்பறையில் படுத்துக் கிடந்தது.

சில வாரம் கழித்து ஒரு மாலை, சைலன்சர் கட்டு தளர்ந்துவிட்டது என்று ஏழுமலை வந்தார். பானட்டைத் தூக்கியதும் விளக்கு ஏற்றிய வீட்டின் வாசனை வந்தது. டீசல் இஞ்சினில் வரக்கூடாத வாசனை.

"இது என்ன ஏழுமலை?"

அவர் முகத்தில் பெருமை தெரிந்தது. "காலையில கீச்சு கீச்சுன்னு கத்திகினு இருந்துச்சு சார். மச்சான் மூடியத் தொறந்து விளக்கெண்ண தடவி வுட்டான். இப்பப் பாருங்க, சத்தமே இல்ல."

சத்தம் இல்லைதான். மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பெல்ட்டின் விளிம்பு ஊறி உப்பியிருந்தது. தாவூத் பாய் வந்தார், விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார், வண்டிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினார்.

"பெல்ட் இழுப்பறையில இருக்கு. நாளைக்குச் சாயந்திரம் வந்து வண்டிய எடுத்துக்கோ."

"பாய், பேஜார் பண்ணாதீங்க. நாளைக்குக் காலையில கல்யாண வண்டி. மாப்பிள்ளையோட பெரியப்பா குடும்பம், வேலூர்ல முகூர்த்தம். கல்யாணத்துக்குப் போற வண்டியோட இஞ்சினை முந்தின நாள் எவனாவது பிரிப்பானா? நாளை மறுநாள் நானே கொண்டாந்து வுடறேன்."

பாய் பட்டனைக் கழற்றிச் சாவியைக் கொடுத்தார். வண்டி அவருடையது. அடுத்தவர் வண்டியைப் பிடித்து வைக்கப் பணிமனைக்கு உரிமை இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சொன்னாலும் நடக்கப்போவது அதுதான்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ," என்றார் பாய். குரல் நன்றாக இறங்கியிருந்தது, ஏழுமலை குனிந்தார். "வழியில நின்னுச்சுன்னா ஸ்டார்ட்டரைத் தொடாதே. யாரையும் தள்ள வுடாதே. பெல்ட் போனா வண்டி நிக்கும். நின்ன வண்டியத் தள்ளினா இஞ்சினே போகும். அது ரெண்டுக்கும் நடுவுல நீ ஒருத்தன்தான் இருப்ப."

மறுநாள் காலை நான் பணிமனைக்குள் நுழைந்ததும் தொலைபேசி அடித்தது. கண்ணமங்கலத்தில் ஒரு மருந்துக் கடையிலிருந்து பேசினார்கள். "ஆரணி ஒர்க்ஷாப்புங்களா? இங்க ஒரு டிரைவரு வண்டிக்கு முன்னாடி ரோட்டுல உக்காந்துகினு எழுந்துக்க மாட்டேங்கறாருங்க. உங்களக் கூப்புடச் சொல்றாரு. ஜல்தியா வாங்க, கூட்டம் சேந்துடுச்சு."

ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, கயிற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் பஸ் நிலையத்தின் அருகில், தொலைபேசியில் சொன்னது அப்படியே இருந்தது. வண்டியின் பம்பரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு ஏழுமலை உட்கார்ந்திருந்தார். பின்னால் பட்டுச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிய நாலைந்து பேர் டிக்கியில் கை வைத்துத் தயாராக நின்றார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றால், யாரும் கேட்காமலே தள்ள ஆள் வரும். அது மரியாதை. தள்ள வேண்டாம் என்று சொல்வது அவமரியாதை.

மாப்பிள்ளையின் பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார். "என்னய்யா டிரைவரு நீ? இத்தினி ஆளு கீறோம், ஒரு தள்ளு தள்ளினா கெளம்பிடும். முகூர்த்தத்துக்கு நாங்க போறதா, உன் மூஞ்சியப் பாத்துகினு நிக்கறதா?"

கோபாலும் அந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தார். "மச்சான், எழுந்திரு. மானம் போவுது. செகண்ட் கியர்ல போட்டு கிளச்ச வுடு, மீதிய நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்ததுதான்டா ரோட்டுல நிக்குது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். கோபால் அக்கா புருஷனிடம் இப்படி ஒரு வார்த்தையை அதுவரை கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "ஆமா, பெரிய இஞ்சினியரு! அந்தப் பாய் உனக்கு மந்திரம் போட்டு வுட்டுட்டாரு" என்றார்.

"போட்டாரு. போடா."

"நாங்க தள்ளத்தான் போறோம்" என்றார் பெரியப்பா.

"தள்ளுங்க. என் மேல ஏத்திகினு போங்க. முகூர்த்தத்துக்கு அதுவும் ஒரு சகுனம்."

தள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நான் செய்த முதல் வேலை, சக்கரம் உருண்டாலும் இஞ்சின் சுற்றாதபடி கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததுதான். ஏழுமலை எழுந்தார், பேன்ட்டைத் தட்டிக்கொண்டார், நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு வேலூர் பஸ்ஸின் கண்டக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அந்தக் குடும்பத்தை ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போதும் பெரியப்பா ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டே போனார். வேட்டி கசங்கிவிட்டது என்பது கடைசியாகக் காதில் விழுந்தது.

ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துவந்தோம். வழி நெடுக நான் கியர் கம்பியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஏழுமலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பிழைக்குமா சார்?"

"எப்படி நின்னுச்சு?"

பஸ் நிலையத்துக் கூட்டத்துக்காக வேகத்தைக் குறைத்து, கிளச்சை மிதித்தபடி உருண்டுகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் இஞ்சின் ஓய்ந்துவிட்டதாம். அதுதான் நம்பிக்கை தரக்கூடிய ஒரே செய்தி. வேகமாக ஓடும்போது நின்றிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. அப்படியும் நான் தெரியாது என்றுதான் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு நடைமுறைதான்.

மூடியைக் கழற்றியபோது கிராங்க் சக்கரத்தடியில் பெல்ட்டின் பற்கள் கறுப்பு மிளகுபோல உதிர்ந்து கிடந்தன. பெல்ட் அறுபடவில்லை, வெறும் பட்டையாக மாறியிருந்தது. மேலே ராக்கர் மூடியைத் திறந்தோம். வால்வை அழுத்தும் ராக்கர் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதாவது ஒரு பிஸ்டன் ஒரு வால்வைத் தொட்டிருக்கிறது. அடியை ராக்கர் வாங்கிக்கொண்டதா, வால்வும் வளைந்ததா என்பதுதான் கேள்வி. தாவூத் பாய் கிராங்க்கைக் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி, எல்லாப் பிஸ்டன்களையும் நடுவழியில் நிறுத்தச் சொன்னார். அந்த நிலையில் எந்த வால்வும் எதையும் தொடாது. ராக்கர்களைக் கழற்றிவிட்டு, வால்வுத் தண்டு நுனிகளின் மேல் நேர்க்கோலை வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதாகத் தோன்றியது. "தோணுது" என்றுதான் அவரும் சொன்னார்.

கோபால் மறுநாள் வந்தார். அக்கா அனுப்பியிருக்க வேண்டும். பழைய பெல்ட்டைப் பார்த்து, "அது வேணாம்னா குடுங்க பாய், ஷெட்டுல ஆகும்" என்றார். பாய் கத்தரியை எடுத்து அதை இரண்டாக வெட்டி நீட்டினார். கோபால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். "தெச்சிக்கலாம்."

சென்னையில் பழைய இஞ்சின்களைப் பிரித்து விற்கும் கடைகளில் அலைந்து நான் ஒரு ராக்கர் கொண்டுவந்தேன். அதுவரை ஏழுமலை தினமும் வந்து, மூடி வைத்த இஞ்சினைப் பார்த்துவிட்டுப் போனார். லாரி முதலாளி ஆள் விட்டு விசாரித்ததாகச் சொன்னார். "நான் இன்னும் பதில் சொல்லி அனுப்பல சார்."

ராக்கரை மாட்டினோம். எண்ணெய் பட்ட இடங்களையெல்லாம் துடைத்துக் காயவைத்தோம். வால்வுகளை இயக்கும் காம் சக்கரத்தின் குறி, டீசல் பம்பு சக்கரத்தின் குறி, கடைசியில் கிராங்க்கின் குறி. புது பெல்ட்டை மடிக்காமல் நுழைத்து, தளர்வு எல்லாம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் வரும்படி பற்களை உட்காரவைத்தேன். டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்தியதும் அதன் ஸ்பிரிங் பெல்ட்டை இழுத்துப் பிடித்தது. சுற்றும்போது காற்றின் அழுத்தம் கையை ஏமாற்றக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சிலிண்டரிலும் சூடேற்றும் பிளக்கைக் கழற்றி வைத்தோம். நான் ஸ்பானரை எடுத்தேன். பாய் அதை என்னிடமிருந்து வாங்கி ஏழுமலையிடம் நீட்டினார்.

"உன் வண்டி. நீ சுத்து. மெதுவா. நின்னா நிறுத்து, பலம் குடுக்காதே."

ஏழுமலை சுற்றினார். அரைச் சுற்றுகூட ஆகவில்லை, கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புடிக்குது பாய்."

பாய் அவர் கையின் மேல் தன் கையை வைத்து, ஸ்பானரை ஒரு நூல் அளவு அழுத்திப் பார்த்தார். வால்வு ஸ்பிரிங்கின் கனமும், இரும்பை இரும்பு தடுக்கும் கனமும் வேறு வேறு. ஸ்பிரிங் எதிர்த்துக்கொண்டே விட்டுக்கொடுக்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது. புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் கிடையாது.

"ஸ்பிரிங்தான். போ."

ஏழுமலை தொடர்ந்தார். ஸ்பானர் மெல்ல மேலே ஏறி, கனத்து, சட்டென்று லேசாகி அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு சுற்று. இன்னொன்று. குறிகள் மூன்றும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. டென்ஷனரை இறுக்கினேன். பிறகு கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொரு சிலிண்டராக வைத்துப் பார்த்தோம். வளைந்த வால்வு காற்றைக் கசியவிடும், அழுத்தம் குறைவாகக் காட்டும். நான்கும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டின. வால்வு எதுவும் வளையவில்லை. பாய் மீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். அவரிடமிருந்து அதற்கு மேல் கொண்டாட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

வண்டி ஸ்டார்ட் ஆனபோது ஏழுமலை உடனே ஏறி உட்காரவில்லை. பானட்டின் அருகிலேயே நின்று, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போளூருக்கு ஒரு சவாரி இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார்.

அதற்குப் பல மாதங்கள் கழித்து அவரைப் பஸ் நிலையத்தருகே பார்த்தேன். அந்தக் கல்யாண வீட்டார் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸுல போய்ச் சேந்துட்டாங்க சார். தாலி கட்டறதுக்கு முன்னாடியே போய்ட்டாங்களாம். ஆனா அந்தப் பெரியவரு மட்டும் இன்னிக்கும் என்னைப் பாத்தா பேசறதில்ல." ஏழுமலை கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கலசப்பாக்கத்துக்குப் போக மூன்று பேர் பின்சீட்டில் ஏற்கனவே ஏறியிருந்தார்கள். "அவரு மூஞ்சியத் திருப்பிகினு போறாரு. நான் வண்டிய ஓட்டிகினு போறேன்."